கொழுப்பு நல்லதா கெட்டதா சண்டைல குழம்பாம லேபிள் படிக்கிறது எப்படி

கொழுப்பே எதிரின்னு ஒரு பக்கம், எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு இன்னொரு பக்கம், ரெண்டையும் விட்டுட்டு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ட்ரான்ஸ் ஃபேட் (வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கின எண்ணெய்ல வர்ற கொழுப்பு) இருக்கா, வாங்காம அப்படியே வச்சிடுங்க, இதுல சண்டையே கிடையாது. அடுத்து சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது வெண்ணெய், நெய்ல நிறைய இருக்கிற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள, 1 கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, அப்போ ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு சுமார் 22 கிராம் வரும்.

ஆனா நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், குறைச்சதுக்கு பதிலா என்ன சாப்பிடுறீங்க? நட்ஸ், சூரியகாந்தி எண்ணெய் மாதிரின்னா எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் குறையும், சர்க்கரை மைதான்னு போனா இதயத்துக்கு பெருசா லாபமில்ல. அதனால 'லோ ஃபேட்'னு பெருசா போட்டிருந்தா சர்க்கரை எவ்ளோன்னும் கட்டாயம் படிங்க, ப்ளீஸ்.