தோட்டத்து டேப்பு: எதை வாங்கறது, எப்படி மாத்தறது

"எந்தத் தண்ணிக்கு டேப்பு?" காவேரிப்பட்டணத்துல எங்க ஹார்டுவேர் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது இதைத்தான். சீக்கிரம் வாங்கிட்டுக் கிளம்பணும்னு நிக்கறவங்களுக்கு இது தேவையில்லாத கேள்வியாத் தெரியலாம். ஆனா தோட்டத்து டேப்பு எத்தனை நாள் உழைக்கும்ங்கறது இதுலதான் இருக்கு.

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாவுல பல வீட்டுல ரெண்டு தண்ணி. ஒண்ணு ஒகேனக்கல் தண்ணி, 2013-ல கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆரம்பிச்ச பிறகு வர்றது. இன்னொண்ணு போர் தண்ணி. குடிக்கற தண்ணியை மல்லிச் செடிக்கு விட எனக்கு மனசு வராது, அதனால தோட்டத்து டேப்பு போர் லைன்ல இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். போர் தண்ணின்னா உப்பு. டேப்பு மூக்கு நுனியில வெள்ளையா ஓடு கட்டுது பாருங்க, அதே ஓடு உள்ளேயும் கட்டும். சில போர்ல பொடி மணலும் வரும். ஒரு பக்கெட் பிடிச்சு ராத்திரி பூரா அசைக்காம வச்சுட்டு, காலையில தண்ணியை மெதுவாச் சாய்ச்சு அடியில விரலை விட்டுப் பாருங்க. நறநறன்னு இருந்தா மணல் இருக்குன்னு அர்த்தம்.

மணல் வர்ற தண்ணிக்கு, பாத்ரூம்ல போடற, கால்வாசி சுத்துலயே முழுசாத் திறக்கற 'குவார்ட்டர் டர்ன்' டேப்பை வாங்காதீங்க. அதுக்குள்ள ரெண்டு செராமிக் வில்லை ஒண்ணு மேல ஒண்ணு உரசித்தான் தண்ணியை அடைக்குது. நடுவுல மணல் சிக்கினா கீறல் விழும், அப்புறம் சொட்டிக்கிட்டேதான் இருக்கும், உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜையே மாத்தணும். போதாக்குறைக்கு அதுல தண்ணி போற வழி சின்னது. மாடி மேல டேங்க் வச்ச வீட்டுல, பத்தடி உயரத்துக்குச் சுமார் 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஓஸ் பைப்பையும் மாட்டினா கடைசி செடிகிட்ட தண்ணி நூல் மாதிரி வரும்.

என் சிபாரிசு, பல சுத்து திருகற பழைய மாதிரி பித்தளை டேப்பு, மூக்கு வச்சது. நாசில் டேப்புன்னு கேட்டா குடுப்பாங்க. மூக்குல வரிவரியா மேடு இருக்கும், ஓஸ் அதுலதான் பிடிக்கும். வழவழன்னு இருக்கற மூக்குல எவ்வளவு இறுக்கிக் கிளிப் போட்டாலும் ஓஸ் நழுவும். இந்த டேப்புல தேயறது உள்ள இருக்கற ரப்பர் வாசர் மட்டும்தான், அதைச் சில்லறைக் காசுக்கு மாத்திக்கலாம். தண்ணி சுத்தமா, மணல் இல்லாம இருந்தா கைப்பிடி வச்ச பால் வால்வு (உள்ள ஓட்டை போட்ட உருண்டை திரும்பற) டேப்பும் நல்லது, தண்ணி தடையில்லாம வரும். ஆனா அதை மாசக்கணக்குல தொடாம விட்டா உப்பு கட்டி இறுகிப் போகும், அப்பப்ப திறந்து மூடணும். பிளாஸ்டிக்ல பிடிஎம்டி டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன், உப்பு அதை அரிக்காது. நிழல்ல, ஓஸ் இழுக்காத இடத்துல போடுங்க. மாடு கட்டற பக்கமோ, நாள் பூரா வெயில் விழற சுவத்துலயோ வேண்டாம்.

பித்தளைதானான்னு பாக்க, மேல இருக்கற பளபளப்பை நம்பாதீங்க. சுவத்துக்குள்ள போற மரையைப் பாருங்க. மஞ்சளா இருந்தா பித்தளை. சாம்பல் நிறமா இருந்து, கையில எடுத்தா லேசாவும் இருந்தா, துத்தநாகக் கலவையா இருக்க வாய்ப்பு அதிகம். அது போர் தண்ணிக்குத் தாங்காது, கழட்டும்போது மரையோட முறிஞ்சு சுவத்துக்குள்ளேயே நின்னுடும். காந்தம் வச்சுப் பாக்கறது இதுக்கு உதவாது, ரெண்டுலயும் ஒட்டாது. ஐஎஸ்ஐ முத்திரையும், பக்கத்துல 781-ங்கற எண்ணும் இருந்தா தைரியமா வாங்கலாம். திருகு டேப்புக்கான தர எண் அது.

அளவுல நிறையப் பேர் தடுமாறறாங்க. அரை இஞ்சு டேப்புன்னு சொல்றோம், ஆனா அதோட மரையை அளந்தா வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர் வரும். முக்கால் இஞ்சு மரை 26 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பத்து ரூபா காசு அகலம்னு வச்சுக்கலாம். ஸ்கேலை வச்சு அளந்துட்டு "21 இருக்கு, முக்கால் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போய்த் திரும்ப வர்றவங்க உண்டு. ஆன்லைன்ல ஓஸ் செட்டு வாங்கறவங்களும் கவனிங்க. அமெரிக்க ஓஸ் மரையில ஒரு இஞ்சுக்குப் பதினொன்றரைப் புரி, நம்ம டேப்புல பதினாலு. ரெண்டு சுத்து ஏறிட்டு நின்னுடும். பலவந்தமாத் திருகினா ரெண்டும் கெடும். அதே மாதிரி வீடியோவுல காட்டற நீளமான 'உறையாத டேப்பு' பனி கொட்டற ஊருக்குச் செஞ்சது. நமக்கு அந்தச் செலவு எதுக்கு?

மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன மழைக்காலத்துல ஒரு பெரியவர் வந்தார். "டேப்பு ஒழுகுதும்மா, புதுசு ஒண்ணு குடு."

"எங்க ஒழுகுதுங்கண்ணா? மூக்குலயா, கைப்பிடிகிட்டயா, சுவத்துகிட்டயா?"

"மூடினாலும் மூக்குல சொட்டுது."

அவருக்கு நான் வாசர் மட்டும்தான் குடுத்தேன். மூக்குல சொட்டினா வாசர். திறக்கும்போது கைப்பிடிக்குக் கீழ கசிஞ்சா, அங்க இருக்கற சின்ன நட்டைக் கால் சுத்து இறுக்குங்க. அப்படியும் நிக்கலைன்னா நட்டைக் கழட்டி, டெஃப்லான்னு விக்கற வெள்ளை டேப்பைக் கொஞ்சம் நூல் மாதிரி முறுக்கி, தண்டைச் சுத்தி விட்டு இறுக்குங்க. சுவத்துகிட்ட கசிஞ்சாலோ, டேப்பு உடம்புல விரிசல் இருந்தாலோ, அப்பதான் கழட்டணும்.

கழட்டறது. லைனை அடைக்கற கேட் வால்வை மூடிட்டு டேப்பைத் திறந்து விடுங்க, லைன்ல நிக்கற தண்ணி வடியட்டும். இனி சொல்றதுதான் முக்கியம்: ரெண்டு ரெஞ்ச் வேணும். ஒண்ணால எல்போவை, அதாவது டேப்பு திருகியிருக்கற வளைவுத் துண்டை, அசையாமப் பிடிச்சுக்கணும், இன்னொண்ணால டேப்பைத் திருப்பணும். ஒரே ரெஞ்சைப் போட்டு முழு பலத்தையும் குடுத்தா டேப்போட சேர்ந்து எல்போவும் திரும்பும், பிவிசி பைப்பு மண்ணுக்குள்ள முறியும். டேப்பு மாத்த வேண்டிய வேலை, தளத்தை உடைக்கற வேலையாப் போயிடும். எல்போ பூச்சுக்குள்ள புதைஞ்சிருந்தா ரெஞ்ச் போட இடம் இருக்காது. அங்க டேப்பைக் கொஞ்சம் இறுக்கற பக்கம் அசைச்சு, பிறகு கழட்டற பக்கம், மறுபடி இறுக்கற பக்கம்னு முன்னும் பின்னுமா ஆட்டுங்க. உப்புப் பிடி விட்டா லேசா 'நறுக்'குன்னு ஒரு சத்தம் வரும். அது வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க.

மரை உள்ளேயே முறிஞ்சு நின்னுட்டா, பழைய ஹேக்ஸா பிளேடை உள்ள விட்டு, அந்தத் துண்டுல மட்டும் ரெண்டு இடத்துல வெட்டுங்க. எல்போ மரையைத் தொடக் கூடாது. பிறகு ஸ்க்ரூ டிரைவரால உள்பக்கமாத் தட்டினா மடங்கி வந்துடும்.

மாட்டறது. எல்போவுக்குள்ள பழைய டெஃப்லான், உப்பு எல்லாத்தையும் பழைய பல் பிரஷ்ஷால தேச்சு எடுங்க. புது டேப்போட மரை உங்களைப் பாக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு, கடிகார முள் போற பக்கமா டெஃப்லானை இழுத்து இழுத்துச் சுத்துங்க. நம்ம ஊர்ல விக்கறது மெல்லிசு, பத்துப் பன்னிரண்டு சுத்து வேணும். மாத்திச் சுத்தினா திருகும்போதே சுருண்டு வெளிய தள்ளும். சணல் சுத்திப் பெயிண்ட் அடிக்கற பழைய வழக்கம் இரும்புப் பைப்புக்குச் சரி. பிளாஸ்டிக் எல்போவுல சணல் ஈரத்துல ஊறிப் பெருத்து எல்போவையே பிளந்துடும். பித்தளை மரை வச்ச எல்போவா இருந்தா நிம்மதி.

முதல்ல கையால திருகுங்க, கடைசி ஒண்ணு ஒண்ணரைச் சுத்துக்கு மட்டும் ரெஞ்ச். மூக்கு நேராக் கீழ பாக்காம கொஞ்சம் தாண்டிப் போச்சுன்னா திருப்பிக் கொண்டு வராதீங்க, டெஃப்லான் பிடி விட்டுக் கசியும். முழுசாக் கழட்டி, புதுசாச் சுத்தி, மறுபடி மாட்டுங்க. அலுப்பான வேலைதான், வேற வழி கிடையாது. தண்ணியைத் திறந்ததும் டேப்பும் எல்போவும் சேர்ற இடத்தைத் துணியால துடைச்சுட்டு, அதைச் சுத்தி ஒரு துண்டு நியூஸ் பேப்பரைக் கட்டி விடுங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூடப் பேப்பர் காட்டிக் குடுத்துடும்.

தோட்டத்து நடுவுல பைப்பு தனியா நின்னா, ஓஸை இழுக்க இழுக்க அடி ஆடும். நம்ம பக்கம் வேலிக்கு நடற கல்லுக்கால் ஒண்ணைப் பக்கத்துல ஊனி, பைப்பை மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல கிளாம்ப் போட்டுப் பிடிச்சுடுங்க. கல்லுக்கும் பைப்புக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ணு வச்சா உரசாது. டேப்பு, கீழ ஒரு பக்கெட் நிக்கற உயரத்துல இருக்கட்டும்.

விளையாடற குழந்தைங்க தோட்டத்து டேப்புலதான் வாயை வைக்கும். நம்ம மண்ணுல நிறைய இடத்துல நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்; லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினா குடிக்க ஆகாது. வளர்ற வயசுல தொடர்ந்து குடிச்சா பல்லுல கறை விழும், வருஷக்கணக்காக் குடிச்சா எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் அது போகாது. ஒகேனக்கல் தண்ணியை இங்க கொண்டு வந்ததே இதுக்காகத்தான். அதனால போர் டேப்புக் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, "சிவப்புல வாய் வைக்கக் கூடாது"ன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க.

ஓஸ் நுனியை மருந்து கலக்கற டிரம்முலயோ மாட்டுத் தொட்டியிலயோ முக்கி வச்சுட்டுப் போற பழக்கமும் வேண்டாம். டேப்பு திறந்திருக்கும்போது டேங்க் காலியானாலோ, லைன்ல தண்ணி பின்வாங்கினாலோ, டிரம்முல இருக்கறது அப்படியே ஓஸ் வழியா உள்ள ஏறும், அதே லைன்ல இருக்கற பாத்திரம் கழுவற டேப்புல வரும். நுனி தண்ணிக்கு மேல ஒரு சாண் தூக்கியே இருக்கட்டும். மருந்து அடிக்கற தோட்டமா இருந்தா, டேப்புக்கு முன்னாடி ஒரு என்ஆர்வி, அதாவது தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு, போட்டுக்குங்க. அது மேல இருக்கற அம்புக்குறி டேப்பைப் பாத்து இருக்கணும்.