நடக்கிறோம் சரி, அது எலும்புக்குத் தெரிகிறதா?

காலை நடைக்குப் புதிதாக வரும் பெண்களைப் பின்னால் இருந்து பார்க்கும்போது, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய என் முதுகையே பார்ப்பது போலிருக்கிறது. நல்ல காலணி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். நடையையும் எலும்பையும் பற்றி நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

நடை ஒன்றே போதும் என்று இருந்துவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மாதவிடாய் நின்றபோது எனக்கு 49 வயது. அதன்பின் ஆறு ஆண்டுகள், நாள் தவறாமல் 45 நிமிடம், சமதரையில், ஒரே வேகத்தில் நடந்தேன். கனமாக எதையும் தூக்க மாட்டேன். மாடிப்படியைக் கண்டால் ஒதுங்குவேன். யாராவது கேட்டால், "அதுதான் தினமும் நடக்கிறேனே" என்பேன். 55 வயதில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டின் டி ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 2.6. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் உடம்பில் ஓயாமல் வேலை செய்கின்றன. எங்கே கட்ட வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வது சுமை. அதுவும் பழகாத சுமை. சமதரை நடையோ ஒரு வயதிலிருந்து உடம்புக்குப் பழகியது. முதுகுத்தண்டுக்கு அதனால் கிடைக்கும் தூண்டுதல் மிகக் குறைவு. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் கரைப்பது கட்டுவதை முந்திவிடுகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். நான் வீணடித்தது சரியாக அந்த ஆண்டுகளைத்தான்.

நடையைக் குறை சொல்லவில்லை. 2002-இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் வாரம் நான்கு மணி நேரமாவது நடந்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்தவர்களைவிட இடுப்பெலும்பு முறியும் அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. நடையை விடாதீர்கள். அதோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைப்பயிற்சியும் வேண்டும்: கையில் எடையுடன் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, பழகப் பழக எடையைக் கூட்டுவது. ஏற்கெனவே எலும்பு மெலிந்தவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது

முறியும்வரை எலும்புப்புரை வலிக்காது. வலிப்பது பெரும்பாலும் மூட்டு. இரண்டையும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லால் அழைத்துக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் நன்றாக இருக்கிறது என்பதால் எலும்பும் நன்றாக இருப்பதாக நானும் நம்பினேன்.

மாத்திரை தரும் நிம்மதி

கால்சியம் செங்கல்தான், கொத்தனாரைக் கூட்டிவருவது சுமை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் என்பது உணவையும் சேர்த்த கணக்கு. அத்தனையும் மாத்திரையாக விழுங்க வேண்டியதில்லை.

நடை முடிந்ததும் குனிந்து கால்விரலைத் தொடுவது

எலும்புப்புரை இருப்பவர்கள் செய்யக் கூடாது. முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கக்கூடும்.

பேசிக்கொண்டே நடப்பது

பேசலாம். பாடவும் முடிந்தால் வேகம் போதவில்லை.