ஜே. ஜே. ஜோன்சனை மலையக மாணவருக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தை வாசித்த ஜாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜே. ஜே. ஜோன்சனைப் பற்றித் தோட்டப் பாடசாலை மாணவருக்கு ஒரு மணிநேரம் பேச விரும்பும் சங்கீத ஆசிரியர், அவர் பிறந்த ஆண்டிலிருந்து அல்லாமல் ஒரு குழாயிலிருந்து தொடங்குவது நல்லது. ஒன்றினுள் ஒன்று இறுக்கமாக நகரும் இரண்டு பிளாஸ்டிக் நீர்க்குழாய்த் துண்டுகளை எடுத்து, வெளிக்குழாயின் அடியை உள்ளங்கையால் மூடி, உட்குழாயின் மேல் விளிம்பில் ஊதியபடியே வெளிக்குழாயைக் கீழே இழுத்துக் காட்டுங்கள். நீளம் கூடக்கூடச் சுருதி இறங்குவதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள். ட்ரொம்போனின் சறுக்குக் குழாய்க்கு ஏழு நிலைகள் உண்டு என்பதையும், விரல் வைக்கத் துளையோ அழுத்தக் கட்டையோ இல்லாததால் அந்த நிலைகளைக் கையும் காதுமே அறிந்திருக்க வேண்டும் என்பதையும் அதன்பின் சொல்லுங்கள்.

இங்கே ஓர் இடர் இருக்கிறது. தேர்த் திருவிழாவில் நாகசுரம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதே அழகு. ஆகவே, அந்த வழுக்கலைக் குறைத்ததற்காக ஒருவரை ஏன் போற்றுகிறார்கள் என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். தொடக்ககால ஜாஸ் குழுக்களில் ட்ரொம்போனும் அப்படி வழுக்கித்தான் பெயர் பெற்றது என்பதையும், 1940களில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிஸி கில்லஸ்பியும் வளர்த்த பீபொப் என்ற ஜாஸ் வகையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, ஜோன்சன் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தெளிவாக ஒலிக்கச் செய்தார் என்பதையும் விளக்குங்கள். 1946இல் அவர் தம் பெயரில் செய்யத் தொடங்கிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றை, வாத்தியத்தின் பெயரைக் கூறாமலே கேட்கச் செய்யலாம். அது சறுக்குக் குழாய் வாத்தியம் என்பதை அக்காலத்தில் நம்ப மறுத்தவர்களும் உண்டு. மழை நாட்களில் இணையத் தொடர்பை நம்பியிராமல், பதிவுகளை முதல் நாளே கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பையும் இளமையையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1924 ஜனவரி 22இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த அவர், முதலில் பியானோவையும் பதினான்கு வயதளவில் ட்ரொம்போனையும் கற்றார். 1942இல் பென்னி கார்ட்டரின் குழுவிலும், 1945இல் கவுண்ட் பேஸியின் குழுவிலும் சேர்ந்தார்.

நிதானித்துச் சொல்ல வேண்டியது 1952க்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளை. அக்காலத்தில் ஜோன்சன் இசையை முழுநேரத் தொழிலாகக் கொள்ளாமல், ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை செய்தார். வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடப்பது பிழை என்றே கருதுகிறேன். இரவு முழுவதும் காமன் கூத்துக்குத் தப்படித்துவிட்டு, விடிந்ததும் காலை வேலைப் பதிவான பெரட்டுக்குப் போய் நிற்கும் கலைஞர்களை நம் பிள்ளைகள் தாம் குடியிருக்கும் லயத்திலேயே பார்த்திருப்பதால், இந்தப் பகுதி அவர்களுக்கு விளக்கமின்றியே புரியும்.

டென்மார்க்கில் பிறந்த ட்ரொம்போன் கலைஞர் காய் வின்டிங்குடன் அவர் 1954இல் இணைந்தார். இரண்டு ட்ரொம்போன்கள் முன்னிற்கும் அந்தப் பதிவுகளில், கீழ்க்குரலை மட்டும் தொடர்ந்து முணுமுணுக்குமாறு ஒரு வரிசைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர் இயற்றிய ‘லமென்ட்’ என்ற மெதுவான இசையை அவருடைய வாசிப்பிலும், 1957இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தால், இசையமைப்பாளர் என்ற சொல்லுக்குத் தனி விளக்கம் தேவைப்படாது. கில்லஸ்பிக்காக 1961இல் அவர் எழுதிய ‘பெர்செப்ஷன்ஸ்’ ஆறு பகுதிகள் கொண்டது. சிறு வகுப்பினருக்கு ஒரு பகுதியே போதும். 1970இல் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைக்க அவர் ஹொலிவூட் பகுதிக்குச் சென்றதையும், 1980களின் பிற்பாதியில் மேடைக்குத் திரும்பியதையும், 2001 பெப்ரவரி 4இல் பிறந்த நகரிலேயே மறைந்ததையும் சொல்லி வரலாற்றை முடிக்கலாம்.

இறுதிப் பத்து நிமிடங்களைப் பிள்ளைகளுக்கே விடுங்கள். ‘லமென்ட்’டின் முதல் அடியை ஒருமுறை கமகத்துடனும், ஒருமுறை கமகமின்றியும் அவர்கள் பாடிப் பார்க்கட்டும், எது சரியென்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.