லோஜ்பானில் ‘ஏன்’, ‘எதற்கு’: தொடக்கநிலையாளருக்கு ஒரு செய்முறை

திருகோணமலையில் மாரி பிடித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: “மழை பெய்தபடியால்”. தெரு நனைந்ததற்கும் அதுதான், நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே நின்றதற்கும் அதுதான். தருக்க விதிகளை வைத்துச் செயற்கையாக ஆக்கப்பட்டு 1987 முதல் வளர்ந்துவரும் மொழியான லோஜ்பான் இந்த இரண்டையும் வேறுவேறாகச் சொல்லச் சொல்கிறது. இங்கே லோஜ்பானைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். காலம் காட்டும் சொல் கட்டாயம் இல்லாததால் அதை விட்டுவிட்டேன்.

முதலில் காரணத்தைப் பெயராக்குங்கள். ‘பெய்’ என்பதைப் ‘பெய்தல்’ ஆக்குவதுபோல, ஷார்வி (மழை பெய்) என்பதற்கு முன் ‘லோ நு’ போட்டால் மழை பெய்தல்: லோ நு ஷார்வி.

அடுத்து, அந்தக் காரணம் எதைச் செய்தது என்று பாருங்கள். யாருடைய விருப்பமும் இல்லாமல் இயற்கையாக நடந்ததென்றால் ரிஹா:

லோ டார்கு ஷு ஷில்மோ ரிஹா லோ நு ஷார்வி.
(மழை பெய்தபடியால் தெரு நனைந்தது. இதில் ‘ஷு’ வினை தொடங்கும் இடத்தைக் காட்டும் சொல்.)

ஒருவரை ஒரு முடிவு எடுக்கத் தூண்டியதென்றால் முஹி:

மி ஸ்தாலி லோ ஷ்கூலே முஹி லோ நு ஷார்வி.
(மழை பெய்தபடியால் பள்ளிக்கூடத்தில் நின்றேன்.)

மழை என்னைக் கட்டிப்போடவில்லை, நிற்பதென்று தீர்மானித்தவன் நான். இங்கே ரிஹா போட்டால் அந்தத் தீர்மானம் வாக்கியத்திலிருந்து காணாமல்போய்விடும். இன்னும் இரண்டு உண்டு. “நீ வேலை செய்தபடியால் கூலி தந்தேன்” போல நியாயம் காட்டும் இடத்தில் கிஹு. ஒன்றிலிருந்து மற்றது தருக்கப்படி தவறாமல் பெறப்படும் இடத்தில் நிஹி. இது கணக்கிலும் வாதத்திலும்தான் அதிகம் வரும்.

தமிழர் அதிகம் இடறும் இடம் சொல்வரிசை. நாம் காரணத்தை முன்னால் சொல்லிப் பழகியவர்கள். லோஜ்பானிலும் அப்படிச் சொல்லலாம், ஆனால் மூடும் சொல்லான ‘கேய்’ வேண்டும்:

ரிஹா லோ நு ஷார்வி கேய் லோ டார்கு ஷு ஷில்மோ.

‘கேய்’ இல்லாவிட்டாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும், அதுதான் ஆபத்து. ஷார்வி பக்கத்தில் நிற்கும் தெருவைத் தனக்கே இழுத்துக்கொள்ளும். “தெருவில் மழை பெய்ததால் ஏதோ ஒன்று நனைந்தது” என்று பொருள் மாறிவிடும். பழகும்வரை காரணத்தைப் பின்னால் வையுங்கள்.

இனி நோக்கம். “மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன்” என்பதில் வாங்குதல் இன்னும் நடக்கவில்லை, மனத்தில் இருக்கிறது. இதற்குத் தெஸுஹே:

மி க்லாமா லோ ஸார்ஷி தெஸுஹே லோ நு மி தே வெஷ்னு லோ ஃபின்பே.

மீன் முடிந்துபோய் வெறுங்கையோடு திரும்பினாலும் இந்த வாக்கியம் உண்மைதான். ‘தே’ இரண்டு தடவை (தெஸுஹேயின் தொடக்கத்தில் ‘தெ’ ஆக ஒன்று, வெஷ்னுவுக்கு முன் ஒன்று) வந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது வினையின் முதலாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் மாற்றிவைக்கும். வெஷ்னு என்றால் ‘விற்பவர், பொருள், வாங்குபவர்’ என்ற வரிசை. தே சேர்ந்ததும் வாங்குபவர் முன்னுக்கு வருகிறார். தெஸுஹேயின் வேரான ஸுக்தே ‘செய்பவர், செயல், நோக்கம்’ என்ற வரிசையுடையது. அங்கே நோக்கம் முன்னுக்கு வருகிறது. இதை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

‘-க்காக’ வந்தால் நின்று யோசியுங்கள். “மீனுக்காகப் போனேன்” நோக்கம். “மழைக்காக ஒதுங்கினேன்” காரணம். ‘-படியால்’ போட்டுச் சொல்லிப்பாருங்கள்: “மழை பெய்தபடியால் ஒதுங்கினேன்” பொருந்துகிறது, எனவே முஹி. “மீன் வாங்கியபடியால் போனேன்” பொருந்தவில்லை, எனவே தெஸுஹே.

கேள்வி கேட்கவும் இதே சொற்கள்தான், பின்னால் ‘மா’ வரும்:

டோ க்லாமா லா உபுவேலிஸ் தெஸுஹே மா.
(எதற்கு உப்புவெளிக்குப் போகிறாய்?)

லோஜ்பானில் ஒரே மெய் இரட்டிக்காது, இத்தகைய பெயர் மெய்யில்தான் முடியும். உப்புவெளி ‘உபுவேலிஸ்’ ஆனது அதனால்தான். தெஸுஹே மா என்றால் போய் என்ன செய்யப்போகிறாய், முஹி மா என்றால் எது உன்னைப் போகத் தூண்டியது.

இப்போது நீங்களே பிரித்துப் பாருங்கள்: “கடல் கொந்தளித்தபடியால் வள்ளம் கவிழ்ந்தது”, “கடல் கொந்தளித்தபடியால் மீனவர் கரையில் நின்றனர்”. முன்னதற்கு ரிஹா, பின்னதற்கு முஹி.