கடலாமைச் செல்லை 37 டிகிரியில் வைக்காதீர்கள்

செல் வளர்ப்பு, அதாவது உயிருள்ள செல்லை உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் வளர்ப்பது, பழகியவர்களுக்குக் கை தானாகவே 37 என்ற எண்ணுக்குப் போகும். மனிதச் செல், குரங்குச் செல், எலிச் செல் எல்லாம் அந்தச் சூட்டில்தான் வளர்கின்றன. நாமக்கல் பக்கம் கோழிக் கருச் செல்லில் தொழில் கற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் பச்சை ஆமையும் பங்குனி ஆமையும் கடல்நீரின் சூட்டை ஒட்டி வாழ்கிறவை. அவற்றின் செல்லுக்கு 25 முதல் 30 டிகிரி வரைதான் தோது. 37-ல் வைத்தால் செல்கள் சுருங்கி, உருண்டு, தட்டின் அடியை விட்டுக் கழன்று மிதக்கும். முதல் முறை நானும் அப்படித்தான் வைத்தேன். செல் வளரும் சத்து நீரான மீடியத்தை மாற்றிப் பார்த்தேன், அதில் கலக்கும் சீரத்தைச் சந்தேகப்பட்டேன், சூட்டை மட்டும் சந்தேகிக்கவில்லை. அந்தத் திசு போனது போனதுதான். இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

30-ல் வைத்துவிட்டால் சரியா? கொங்கு நாட்டில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. செல் வளர்ப்புக்கு வாங்கும் சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரை மாதத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ ஏசி நின்றுபோன அறை மதியம் 35-ஐத் தாண்டும். பெட்டியில் 28 என்று எண் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் செல்லுக்கு அறையின் சூடுதான். ஆகவே குளிர்விக்கவும் தெரிந்த பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். அதில் கார்பன் டை ஆக்சைடு வராதே என்று கவலைப்பட வேண்டாம். எல்-15 என்ற மீடியம் வெறும் காற்றிலேயே தன் அமில காரச் சமநிலையைக் காத்துக்கொள்ளும், பிளாஸ்க் மூடியை இறுக்கிவிட்டால் போதும். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துத் தினமும் மதியம் பாருங்கள், வெளியே தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை ஆமைகளுக்குக் கண்ணைச் சுற்றி, கழுத்தில், துடுப்புகளின் இடுக்கில் காலிபிளவர் போலக் கட்டிகள் வருகின்றன. ஃபைப்ரோபாப்பிலோமா என்று பெயர். 1938-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். கண்ணை மறைக்கும் அளவுக்குக் கட்டி வளர்ந்தால் ஆமையால் இரை தேட முடியாது. இந்த நோயோடு சேர்ந்தே காணப்படுவது ஒரு ஹெர்பஸ் வைரஸ். கோழிக்கு வரும் மேரக்ஸ் நோயின் வைரஸும் அதே குடும்பம்தான், அதுவும் கட்டியை உண்டாக்குகிறது. இந்த வைரஸைச் சோதிக்க உயிருள்ள ஆமையைத் தொந்தரவு செய்யாமலிருக்க வேண்டுமானால் செல் வளர்ப்பு வேண்டும்.

ஆனால் கட்டியிலிருந்து செல் எடுத்து வளர்த்துவிட்டால் வைரஸும் கூடவே வளரும் என்று நினைப்பது பெரிய தவறு. 1999-ல் ஹவாய் ஆய்வாளர்கள், கட்டி வந்த ஒரே ஆமையின் பல திசுக்களிலிருந்து 13 செல் வரிசைகளை, அதாவது தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போகக்கூடிய செல் வகைகளை, உண்டாக்கினார்கள். செல் வளர்ந்தது, அந்த ஹெர்பஸ் வைரஸ் பிடிபடவில்லை. தட்டின் அடியில் ஒற்றைப் படலமாகப் பரவும் செல் இந்த வைரஸுக்குப் போதவில்லை. 2017-ல்தான், ஆமைத் தோலின் அடுக்குகளை அப்படியே உருவாக்கிய முப்பரிமாண வளர்ப்பில் அது பெருகியது. ஆகவே செல் வளர்ந்த மகிழ்ச்சியில் வைரஸ் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்து பாருங்கள். அதே ஆமையின் கட்டியில்லாத தோலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வளர்க்க வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் கட்டிச் செல்லில் காண்பதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

திசு நம் கைக்கு வருவதற்கு முன்பே பாதி தவறுகள் நடந்துவிடுகின்றன. கொங்கு நாட்டில் நமக்குக் கடல் கிடையாது. சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சுமார் 500 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். கடற்கரையில் எடுப்பவர் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல் அங்கேயே செத்துவிடும். ஃபிரீசரில் வைத்தாலும் அதே கதிதான். ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்தும் கலந்த மீடியத்தில் போட்டு, திசு உறையாதபடி ஐஸ் பெட்டியில் வரவேண்டும். எடுக்கும் இடத்தைப் போவிடோன் அயோடினால் நன்றாகத் துடைத்தபிறகே வெட்ட வேண்டும். ஆமைத் தோலில் பாசியும் பாக்டீரியாவும் குடியிருக்கும். கரை ஒதுங்கி நாளாகி ஊதிப்போன ஆமையிலிருந்து எடுத்தால் வளர்வது பாக்டீரியாதான்.

அப்புறம், செத்த ஆமைதானே என்று அனுமதியில்லாமல் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. நம் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முதலில் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பம், பிறகுதான் கத்தி.

தட்டில் வைத்த திசுத் துண்டை தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கோழிச் செல் இரண்டு மூன்று நாளில் தட்டை மூடிவிடும், ஆமைச் செல் வெளியே எட்டிப் பார்க்கவே ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். மீடியம் நிறைய ஊற்றினால் துண்டு மிதந்து ஒட்டாமல் போகும். துண்டு நனையும் அளவு போதும்.

ஆமைச் செல் திடீரென்று மளமளவென்று பெருகினால் மகிழாமல் பயப்படுங்கள். 1951-ல் எடுத்த ஹீலா என்ற மனிதச் செல், உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்களில் வேறு செல்களின் பிளாஸ்க்கில் புகுந்து வளர்ந்திருக்கிறது. கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டியான ஹூடில், ஒரே நாளில் கோழிச் செல்லையும் ஆமைச் செல்லையும் கையாளாதீர்கள், மீடியம் பாட்டிலையும் பகிராதீர்கள். டி.என்.ஏ. பார்கோடு பார்த்தால் எந்த விலங்கு என்று தெரிந்துவிடும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இன்னும் மோசம், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் எல்லாத் தொற்றும் அடங்கியதுபோல் மறைந்திருக்கும்.

கடைசித் தவறு, நன்றாக வளர்ந்தபிறகு உறைய வைக்கலாம் என்று தள்ளிப்போடுவது. மின்சாரமும் பூஞ்சையும் நமக்காகக் காத்திருக்காது. இரண்டாம், மூன்றாம் பாசேஜிலேயே, அதாவது செல்லைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு இரண்டு மூன்று முறை மாற்றியதுமே, சில குப்பிகளை உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுங்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் டாக்டரின் கேனில் இருப்பதும் அதே நைட்ரஜன்தான், வாங்க அலைய வேண்டியதில்லை. வெளியே எடுக்கும்போது மட்டும் வேகம் வேண்டும். மேரக்ஸ் தடுப்பூசிக் குப்பியைக் கரைக்கும் குஞ்சுப்பண்ணை அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது: "உறைய வைக்கறப்போ பொறுமைங்க, கரைக்கறப்போ மட்டும் சட்டுன்னு கரைச்சுப்போடோணுங்க."

குப்பியின் மேல் ஆமையின் வகை, எடுத்த கடற்கரை, தேதி, கட்டியா நல்ல தோலா, எத்தனையாவது பாசேஜ் என்று அழியாத மையில் எழுதுங்கள். இதையே நோட்டிலும் எழுதி வையுங்கள்.