கழித்துப் பார்க்கக் கூடாத எண்கள்

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு கோட்டுப்படம் வரைந்து அனுப்பியிருந்தான். கீழே ஆண்டுகள், 2014 முதல் 2024 வரை. பக்கவாட்டில் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில், அதாவது சுற்றுச்சூழலுக்கு மதிப்பெண் போட்டு நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில், இந்தியா வாங்கிய மதிப்பெண். கோடு 31-இல் தொடங்கி 53-க்கு ஏறி, 30-க்கு விழுந்து, 27, 18 என்று தரைதட்டி, மறுபடி 27-க்கு எழுந்து நின்றது. "கதை நல்லா தெரியுது சார்" என்று குறிப்பு வேறு. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 2018-இல் இதே படத்தை நான் வரைந்திருக்கிறேன். அது அச்சிலும் ஏறியது.

இந்தக் குறியீடுகளைப் பிரித்துக் கட்டுரையும் பயிற்சிக் கையேடும் எழுதுவதுதான் என் பிழைப்பு. தசமப் புள்ளி நழுவுவது, நாட்டுக் கொடி மாறிப்போவது போன்றவற்றை மெய்ப்பு பார்ப்பவரே பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் கண்ணுக்கும் தப்பி, திரும்பத் திரும்ப வரும் தவறுகள் இவை.

ஐ.நா. அறிக்கை என்று எழுதுவது

இல்லை. இந்தக் குறியீடு அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையங்கள் சேர்ந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது.

இரண்டு பதிப்புகளைக் கழித்துப் பார்ப்பது

2016 அறிக்கையில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 141-ஆவது இடம், மதிப்பெண் 53.58. 2018-இல் 177-ஆவது இடம், 30.57. நான் என்ன செய்தேன்? 177-இலிருந்து 141-ஐக் கழித்தேன். "இரண்டே ஆண்டில் 36 இடம் சரிவு" என்று தலைப்பு வைத்தேன். தலைப்பு வந்த பிறகு காரணம் தேடுவது கஷ்டமா? டெல்லிப் புகைமூட்டம், அனல்மின் நிலையங்கள், எரியும் குப்பைமேடு என்று மூன்று பத்தி ஓடியது. அந்தப் பக்கத்தோடு ஒரு கையேடு, 1,200 பிரதி அச்சாகி வந்தது.

மூன்றாம் நாள் ஒரு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் போன் செய்தார். கையேட்டை எப்படியோ வாங்கிப் படித்திருக்கிறார். திட்டவில்லை. "தம்பி, அந்த ரெண்டு வருஷமும் ஒரே கேள்வித்தாளா?" என்று மட்டும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று இரவுதான் அறிக்கையின் பின்பக்கங்களை, அதாவது செய்முறை விளக்கத்தை, முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன்.

கேள்வித்தாள் அடியோடு மாறியிருந்தது. 2016-இல் மொத்த மதிப்பெண்ணில் பாதி மனிதர்களின் உடல்நலம் சார்ந்த சூழலுக்கு, மறுபாதி காடு, மீன்வளம், பல்லுயிர் போன்ற இயற்கை அமைப்புகளுக்கு. 2018-இல் அது 40-க்கு 60 ஆனது. அந்த 40-க்குள்ளும் காற்றின் தரத்துக்கே 65 விழுக்காடு ஒதுக்கினார்கள். நம் காற்று இருக்கும் லட்சணத்துக்கு அது ஒன்றே போதும். அதாவது அந்த 36 இடங்களில் எத்தனை இந்தியா சறுக்கியதால் வந்தவை, எத்தனை வினாத்தாள் மாறியதால் வந்தவை என்று வெறும் தரவரிசையை வைத்துச் சொல்லவே முடியாது. நான் அடித்துச் சொல்லியிருந்தேன்.

1,200 பிரதியிலும் பதினான்காம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். இரண்டு இரவு, நான்கு பேர், ஒரு டப்பா பசை. சீட்டு கொஞ்சம் சிறியதாகிப் போனதால், கீழே அந்தக் கோட்டின் வால் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். இன்றும் என் அலமாரியில் ஒரு பிரதி இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் இந்தக் கூத்து நடக்கிறது. 2020-இல் இந்தியா 168-ஆவது இடம். "ஒன்பது இடம் முன்னேற்றம்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அதே ஆண்டு மதிப்பெண் 30.57-இலிருந்து 27.6-ஆகக் குறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. இடத்தைப் பார்த்தால் ஏற்றம், மதிப்பெண்ணைப் பார்த்தால் இறக்கம். இரண்டுமே அர்த்தமில்லாத கழித்தல். 2022-இல் மறுபடி பாடத்திட்டம் மாற்றம்: காலநிலை மாற்றத்துக்கு இருந்த 24 விழுக்காடு 38 ஆனது, உடல்நலப் பகுதி 40-இலிருந்து 20-ஆகச் சுருங்கியது. இந்தியா 18.9 வாங்கிக் கடைசி இடம். 2024-இல் காலநிலைப் பங்கு 30-ஆக இறங்கியது. இந்தியாவுக்கு 27.6, இடம் 176. 2020-இலும் 27.6, 2024-இலும் 27.6 என்றதும் நம் பையன் "பழைய நிலைக்குத் திரும்பியது" என்று எழுதிவிட்டான்.

முதல் மார்க் வாங்கியவரைப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். 2016-இல் முதலிடம் பிடித்த ஃபின்லாந்துக்கு 90.68. 2022-இல் முதலிடம் டென்மார்க், வெறும் 77.9. 2024-இல் எஸ்டோனியா, 75.3. வகுப்பின் முதல் மார்க்கே இப்படி இறங்கினால் எந்த வாத்தியாரும் கேள்வித்தாளைத்தான் முதலில் புரட்டுவார். அப்புறம், வகுப்பில் எத்தனை பேர் என்பதும் மாறியிருக்கிறது. 2012-இல் இந்தியாவின் 125-ஆவது இடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஆண்டு பட்டியலில் இருந்தவை 132 நாடுகள்.

சரி, காலப்போக்கில் என்ன மாறியது என்று காட்டவே முடியாதா? முடியும். அதே அறிக்கையில், பழைய தரவுகளை இப்போதைய செய்முறையில் மறுபடி கணக்கிட்டு, சுமார் பத்தாண்டுகளில் ஏற்பட்ட மாற்றத்தைத் அட்டவணையில் தனி நெடுவரிசையாகக் கொடுக்கிறார்கள். எடுத்தாள வேண்டியது அதைத்தான். பழைய பதிப்பின் எண்ணோடு புதியதை ஒப்பிடாதீர்கள் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அந்த வரி கண்ணில் படாமல்தான் எல்லோரும் முதல் பக்க அட்டவணையை வெட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

கடைசி இடத்தை மட்டும் பிடித்துக்கொள்வது

2022-இல் இந்தியா 18.9, மியான்மர் 19.4, வியட்நாம் 20.1. கடைசிக்கும் அதற்கு முந்தையதற்கும் அரை மதிப்பெண். ஒவ்வொரு பகுதிக்கும் ஒதுக்கும் பங்கில் ஓரிரு விழுக்காட்டை நகர்த்தினாலே வரிசை மாறிவிடலாம். 2024-இல் கடைசி இடம் வியட்நாமுக்குப் போனது.

2022-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிக்கையை ஏற்க மறுத்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்: அறிக்கை வேதவாக்கு, இல்லையென்றால் சதி. என் கணக்கில் அமைச்சகம் பாதி சரி. 2050-இல் ஒரு நாடு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியிடும் என்ற கணிப்பை, கடந்த பத்தாண்டுப் போக்கை அப்படியே நீட்டிப் போட்டிருந்தார்கள். இப்போதுதான் வீட்டுக்கு வீடு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்டுக்கு அது பாதகம்தான். ஆனால் அதைக் காட்டிக் காற்று மாசு மதிப்பெண்ணையும் ஒதுக்கிவிட முடியாது. அதில் எதிர்காலக் கணிப்பு எதுவும் இல்லை.

ஒரு குறியீட்டைக் கொண்டு இன்னொன்றை அடிப்பது

2022 ஜூனில் இந்தியா கடைசி. அதே ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் ஜெர்மன்வாட்ச் முதலிய தன்னார்வ அமைப்புகள் வெளியிடும் காலநிலை மாற்றச் செயல்திறன் குறியீட்டில் இந்தியா எட்டாவது. "ரெண்டுல ஒண்ணு பொய் சார்" என்றாள் பயிற்சிக்கு வந்த ஒரு பெண். இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. ஜெர்மன்வாட்ச் பட்டியலில் ஆளுக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது, ஆளுக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதில் நாம் குறைவு, அதனால் மேலே. ஆறு, குடிநீர் எதுவும் அதன் கணக்கில் வராது.

அந்தப் பட்டியலின் முதல் மூன்று இடங்கள் பல ஆண்டுகளாகக் காலி. எந்த நாடும் போதுமான அளவு செய்யவில்லை என்பதால் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். அந்தப் பெண் தன் அட்டவணையில் "முதல் மூன்று நாடுகளின் தகவல் கிடைக்கவில்லை" என்று பொறுப்பாக எழுதி வைத்திருந்தாள். பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

மக்கள் பயன்படுத்துவதை பூமி மீண்டும் தரக்கூடியதோடு ஒப்பிடும் சூழலியல் தடம் இன்னொரு தினுசு. 2022 யேல் பட்டியலில் டென்மார்க் முதலிடம். ஆனால் உலகமே டென்மார்க்காரர்களைப் போல வாழ்ந்தால், பூமி ஓராண்டில் தரக்கூடியது மார்ச் மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

'காடு' என்ற சொல்லை நம்புவது

நம் வன ஆய்வு நிறுவனத்துக்கு, ஒரு ஹெக்டேரும் பத்து விழுக்காடு மர நிழலும் இருந்தால் அது காட்டுப் பரப்பு. மாந்தோப்பும் அதில் வரும். யேல் குறியீடு செயற்கைக்கோள் படத்தில், முப்பது விழுக்காட்டுக்கு மேல் மர நிழல் உள்ள இடங்களில் எவ்வளவு மரம் போனது என்று பார்க்கிறது. ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

அறிக்கையின் ஆண்டுதான் தரவின் ஆண்டு என்று நினைப்பது

பல தரவுகள் இரண்டு மூன்று ஆண்டு பழசு.

"தமிழ்நாடு எத்தனாவது இடம் சார்?"

இது நாடுகளுக்கான பட்டியல்.

பையன் படத்தை மாற்றி நேற்று அனுப்பினான். கோடு போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றின் கீழும் எதற்கு எத்தனை விழுக்காடு, பட்டியலில் எத்தனை நாடு என்று சின்ன எழுத்தில். பார்க்க அழகாக இல்லை. "இதை யாரும் ஷேர் பண்ண மாட்டாங்களே சார்" என்றான். மாட்டார்கள்தான். அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன்.