கோவெலைட்டை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவெலைட்டு அவுரி நீலத்தில் மின்னும் செம்புச் சல்பைடு. வெசூவியஸ் எரிமலையில் இதைக் கண்டறிந்த நிக்கோலா கோவெல்லியின் பெயரை 1832இல் இதற்குச் சூட்டினார்கள். அமெரிக்காவில் மொன்டானாவின் பியூட், இத்தாலியில் சார்டினியாவின் கலபோனா சுரங்கங்களில் அழகான படிகங்கள் கிடைத்தன. நல்ல படிகம் அரிது என்பதால், நீலமாகப் பளபளக்கும் எதையும் கோவெலைட்டு என்று எழுதிவைக்கும் ஆசை எவருக்கும் வரும்.

அந்த ஆசையில் முதலில் கோவெலைட்டு என்று தவறாக எழுதப்படுவது போர்னைட்டு என்னும் செம்பு-இரும்புச் சல்பைடு. அதன் நீலமும் ஊதாவும் மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலம் மட்டுமே. உடைத்தால் உள்ளே வெண்கல நிறம். கோவெலைட்டு உள்ளும் புறமும் நீலம். நகத்தால் கீறிப் பாருங்கள்: மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 1.5 முதல் 2 வரைதான் என்பதால் கோவெலைட்டில் கீறல் விழும், போர்னைட்டில் விழாது. பீங்கான் தகட்டில் உரசும்போது நீலக் கோட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஈயச் சாம்பல் அல்லது கறுப்புக் கோடுதான் விழும்.

ஈரமான கல்லைப் பார்த்து நிறத்தைக் குறிப்பது அடுத்த தவறு. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் அந்த இடம் ஊதாவாக மாறும். உலர்ந்ததும் நீலம் திரும்பும். கறை என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். கோவெலைட்டின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஒளியின் நிறத்துக்கு நிறம் பெரிதும் மாறுபடுகிறது. காற்றின் இடத்தில் நீர் வந்ததும் எதிரொளிக்கும் ஒளியில் நீலத்தின் பங்கு குறைந்து சிவப்பின் பங்கு ஓங்குகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட எளிய, அழகான சோதனை கிடையாது.

நுண்ணோக்கியிலும் இதே பண்பு கைகொடுக்கும். கனிமத்தின் மேல் எண்ணெய் விட்டுப் பார்க்கும்போது ஊதாச் சிவப்பாக மாறாமல் நீலமாகவே நின்றால், அது யாரோவைட்டு, ஸ்பியோன்கோபைட்டு என்னும் வேறு செம்புச் சல்பைடுகளில் ஒன்றாக இருக்கலாம். முனைவாக்கப்பட்ட ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியில்) நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றினால் ஒரே கனிம மணி அடர் நீலத்திலிருந்து நீலங்கலந்த வெண்மைக்கு மாறும். பக்கத்துப் பக்கத்து மணிகள் வேறு திசையில் அமைந்திருந்தால் இரண்டு கனிமங்கள் போலத் தோன்றும். சுழற்றிப் பார்க்காமல் பட்டியலில் இரண்டு பெயர் எழுதக் கூடாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கி வடிகட்டிகளுக்கிடையே தீக்கங்கு போன்ற ஆரஞ்சு நிறம் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. டைஜெனைட்டு என்னும் மற்றொரு செம்புச் சல்பைடும் நீலம்தான், ஆனால் அதில் இந்த மாற்றம் எதுவும் இராது.

மீயொலிக் கருவியில் போட்டுச் சுத்தம் செய்வதைத் தவிருங்கள். படிகத்தின் அடித்தளத்துக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கும் கனிமம் இது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.